உத்தரவு கேட்கும் நாள்

“பாப்பாவுக்கு என்னென்ன வேணும்னு எல்லாம் சொல்லிட்டீங்க ஷாமிலா. இப்ப உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க.”

“எனக்கா மிஸ்? எனக்கு என்னத்த வேணும்… புள்ள நல்லா இருந்தா போதும்.”

“அது பாப்பாவுக்கு. நான் உங்களக் கேக்குறேன்.”

“புள்ளையப் பத்தியே பேசலாம் மிஸ்.”

“இப்பவே சொல்லணும்னு இல்ல. யாருக்கிட்டயாவது எதையாவது கேக்கணும்னு நெனச்சு, கேக்காம வச்சிருப்பீங்கல்ல? அத ஒருநாள் வாயத் தொறந்து கேட்டுப் பாருங்க.”

டிக்கோயா ஆஸ்பத்திரியில், பிள்ளைகளின் மனநலம் பார்க்கும் அறையில் கிருஷாந்தி மிஸ் இப்படிக் கேட்டு மாதங்கள் பல ஓடிவிட்டன. அன்றைக்கு ஷாமிலா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்துவிட்டாள். கேட்க வேண்டியது என்ன, யாரிடம் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அந்த நிமிடமே தெரிந்திருந்தது. தெரிந்ததை நெஞ்சுக்குள் முடிந்து வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள்.

இன்று அந்திக் கொழுந்து எடுக்கும்போது அந்தப் பேச்சு சொல்லுக்குச் சொல் திரும்பி வந்து அவளைத் தொல்லைப்படுத்தியது.

“ஏன்டி சாமியோட அம்மா! கொழுந்த விட்டுட்டு முத்தலப் புடுங்கிப் போடுற? மலையப் பாக்குற கண்டாக்கு ஐயா பாத்தா கத்தப் போறாரு.” பக்கத்து நிரையிலிருந்து பிரியந்தி குரல் கொடுத்தாள்.

“கவனிக்கலடி.”

“எப்படிக் கவனிப்ப? சாயந்தரம் ஓம் மக உத்தரவு சொல்லப் போறா. எனக்கும் ஒரு கேள்வி இருக்கு. எங்க வீட்டு ஆளு எப்ப குடிய விடுவாருன்னு கேட்டுச் சொல்லச் சொல்லு.”

“அதச் சொல்ல சாமி எதுக்கு? நானே சொல்லுவேன்.”

“நீ என்னத்த சொல்லுவ?”

“விடமாட்டாரு.”

பிரியந்தி மலையே கேட்கும்படி சிரித்தாள். ஷாமிலாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மறுபடியும் முத்தலைத்தான் கிள்ளினாள்.

இன்று மாலை கோயிலில் கூட்டம். மாரியம்மன் திருவிழாவுக்கு நாள் குறிக்கப் போகிறார்கள். குறிப்பதற்கு முன்னால் தப்பு மேளம் அடித்து அம்மனிடம் உத்தரவு கேட்பார்கள். சில வருஷங்களாக அம்மனுக்காக உத்தரவு சொல்வது ஷாமிலாவின் ஒன்பது வயது மகள் ஹம்சினி.

தப்படிக்க வேண்டாம் என்று கேட்க வேண்டும். என் மகள் சாமியில்லை, பிள்ளை என்று சொல்ல வேண்டும். ஷாமிலா முடிந்து வைத்திருந்தது இவ்வளவுதான்.

ஹம்சினி மற்றப் பிள்ளைகளைப் போலப் பேசத் தொடங்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். வரிசை வீடுகளான லயத்தில், இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, தேயிலை இலைகளைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக அடுக்குவாள். யாராவது ஒன்றை நகர்த்திவிட்டால் வானம் இடிந்துவிட்டதுபோல அழுவாள். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போனால், மத்தியானத்துக்குள் ஆள் வந்துவிடும். ‘கூட்டிக்கிட்டுப் போங்க, மத்தப் புள்ளைங்க பயப்படுதுங்க’ என்பார்கள். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள் அவளைப் ‘பைத்தியம்’ என்று தங்களுக்குள் பேசிக்கொள்வது ஷாமிலாவின் காதிலும் விழும். குடத்தைப் பாதியில் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

ஹம்சினிக்கு ஐந்து வயதான வருஷம் தேர் அவர்கள் லயத்து வாசலுக்கு வந்தது. மூக்கன் கூட்டத்தார் தப்பை ஓங்கி அடித்தார்கள். ஹம்சினி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உடம்பெல்லாம் குலுங்க அலறினாள். சுற்றிச் சுற்றி ஓடி மண்ணில் விழுந்தாள்.

“அம்மா எறங்கிட்டா!” என்று யாரோ கத்தினார்கள்.

மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினார்கள். கையில் வேப்பிலை கொடுத்தார்கள். நனைந்து நடுங்கிய பிள்ளை, லயத்துப் பக்கம் வந்து நிற்கும் ஹட்டன் பஸ்ஸில் தினமும் கேட்கிற கொண்டக்டரின் குரலை அப்படியே எடுத்துக்கொண்டு, “இஸ்ஸரஹட்ட யன்ன! இஸ்ஸரஹட்ட யன்ன!” என்று கூவியது. முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க. அது சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தையே அதுதான்.

சாமி ஏன் சிங்களத்தில் பேசுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மனுக்கு எல்லாப் பாஷையும் தெரியும் என்று தோட்டத் தலைவர் செல்லசாமியே சொல்லிவிட்டார். கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போவதா வேண்டாமா என்று குழம்பிக்கொண்டிருந்த வீரய்யா அந்த வார்த்தையைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு, அடுத்த மாதமே முன்னுக்குப் போய்விட்டான். போன இடத்தில் நல்லபடியாக இருந்து, கோயிலுக்கு ஒரு பெரிய மணியும் வாங்கி அனுப்பினான். அப்புறம் கேட்க வேண்டுமா? ஒவ்வொரு வருஷமும் நாள் குறிக்கும் கூட்டத்துக்கு ஹம்சினியைக் கூட்டிப்போய், தப்புக்கு முன்னால் நிறுத்தினார்கள். பீலிக்கரைப் பெண்கள் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். ஷாமிலாவே ஒரு தடவை பெற்ற மகளின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பைத்தியம் என்ற பேச்சு அதோடு நின்றுபோனது. அந்த நிம்மதிக்காகவே அவள் அம்மனுக்கு ஆயிரம் நன்றி சொன்னாள்.

போன வருஷத் திருவிழா முடிந்த பிறகுதான் விஷயம் வேறு மாதிரி ஆனது. ஹம்சினி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. பிஸ்கட்டைத் தவிர எதையும் வாயில் வைக்கவில்லை. ஒரு மூடி கீழே விழுந்து சத்தம் கேட்டால் போதும், மணிக்கட்டைக் கடித்துக் காயமாக்கிக்கொண்டாள். தோட்டத்து மருத்துவமாது வந்து பார்த்துவிட்டு, “இது சாமி விஷயமில்ல ஷாமிலா. டிக்கோயாவுக்குக் கூட்டிக்கிட்டுப் போ. பிள்ளைங்களுக்கு மனசு பாக்குற டொக்டர் இருக்காங்க” என்றாள்.

மாமியாரிடம் துணி எடுக்க ஹட்டன் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் முதல் தடவை போனாள்.

அந்த டொக்டர் அம்மா சிங்களவர். தமிழில் நாலு வார்த்தை தெரியும். ஹம்சினியைக் கூப்பிடவில்லை, தொடவில்லை. தரையில் உட்கார்ந்து வண்ணக் கட்டைகளைச் சிறியதிலிருந்து பெரியது வரை தாமாக அடுக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் ஹம்சினி மூலையை விட்டு வந்து, அவர் தப்பாக வைத்த ஒரு கட்டையை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தாள். “நன்றி, மகள்” என்றார் அவர். ஷாமிலா அழுதுவிட்டாள். பிறந்த நாளிலிருந்து அவள் பிள்ளைக்கு நன்றி சொன்ன முதல் வெளியாள் அவர்.

ஹம்சினிக்கு இருப்பது ஓட்டிசம் என்றும், அது யாருடைய சாபமும் குற்றமும் இல்லை, பிறவியிலேயே உலகத்தை வேறு மாதிரி உணர்கிற பிள்ளை என்றும் டொக்டர் அம்மாவோடு வேலை செய்யும் கிருஷாந்தி மிஸ் தமிழில் எடுத்துச் சொன்னாள். “ஆனா இந்தப் பயம் வேற. இது பொறவு வந்தது. இதுக்கு நாங்க உதவி செய்யலாம். சத்தம் பாப்பாவுக்கு வலிக்குது ஷாமிலா. தகரத்த நகத்தால சொரண்டினா நமக்கு எப்படி ஒடம்பு கூசும்? அவளுக்குத் தப்புச் சத்தம் அத மாதிரி பல மடங்கு.”

“நாங்க அதுக்கு முன்னால இழுத்துட்டுப் போய் நிறுத்தினோமே மிஸ்…”

“தெரியாம செஞ்சீங்க. தெரிஞ்சதும் பஸ் ஏறி வந்துட்டீங்க. வந்தீங்கல்ல, அதப் புடிச்சுக்கங்க.”

அன்றிலிருந்து மாதாமாதம் கிளினிக். அந்தப் பயணங்களை நினைத்தால் ஷாமிலாவுக்கு மனசு நிறைந்துபோகும். பஸ் கொண்டக்டர் சுமனிடம் ஒருநாள் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். அதற்குப் பிறகு அவர்கள் ஏறினால் அவன் பாட்டை நிறுத்திவிடுவான். ஹம்சினி அவன் குரலிலேயே ‘இஸ்ஸரஹட்ட யன்ன’ என்று கூவினால், “பாப்பா நம்ம பஸ் ஸ்டாஃப்பு. எல்லாரும் முன்னுக்குப் போங்க, இல்லாட்டி எனக்கு வேல போயிரும்” என்று சொல்லிச் சனங்களைச் சிரிக்க வைப்பான்.

தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் ரோலர் மெஷினில் வேலை செய்கிற அவள் கணவன் துஷாந்த், மகளுக்கு ஒன்றுமில்லை என்று வெகுநாள் சாதித்தவன். ஒருநாள் சாயந்தரம் ஒரு பொருளைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்தான். மெஷின் சத்தத்துக்காக வேலையாட்கள் காதில் மாட்டிக்கொள்கிற கவசம்.

“ஃபெக்டரியப் பாக்குற பெரிய டீமேக்கர்கிட்ட கேட்டு வாங்கினேன். பாப்பாக்குக் காட்டு.”

“நீங்கதான் இதெல்லாம் வேணாம்னீங்க?”

“வேணாம்னேன். அதுக்கு? ஒரு மனுசன் ஒரே பேச்சையே பேசிக்கிட்டிருக்க முடியுமா?”

ஹம்சினி அதை மாட்டிக்கொண்டு, முதல் தடவையாகப் பயமில்லாமல் இஸ்தோப்பில் நின்று மழையைப் பார்த்தாள். துஷாந்த் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். ஷாமிலா அவனுக்குப் பிடித்தபடி இஞ்சி தட்டிப் போட்டுப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். கல்யாணமான புதிதில் பார்த்ததைப் போல அன்று அவனைப் பார்த்தாள்.

மாமியார் காளியாயிக்கு விஷயம் தெரிந்தபோது வீடு ரெண்டானது. “அம்மன் எறங்குற புள்ளைக்கு ஆஸ்பத்திரியா?” என்று சண்டை பிடிக்கவே ஒரு தடவை கிளினிக்குக்கு வந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் டொக்டர் அம்மா முந்திக்கொண்டார். பிள்ளை பயந்தால் வீட்டில் எப்படி அமைதியாகிறாள் என்று கிருஷாந்தி மிஸ் மூலமாகக் கேட்டார். காளியாயி கொஞ்சம் தடுமாறிவிட்டு, “உள்ளங்கால ரெண்டையும் எம் மடியில வச்சு அழுத்திப் புடிச்சுக்குவேன். தூங்கிருவா” என்றாள். டொக்டர் அம்மாவின் முகம் மலர்ந்தது. அதைத்தான் தாமும் சொல்ல இருந்ததாகவும், பாட்டி விடாமல் செய்ய வேண்டும் என்றும் சொன்னார். திரும்பி வரும் வழியில் காளியாயி சண்டையை மறந்துவிட்டாள். அடுத்த மாதம், “நாளைக்குத்தான கிளினிக்கு? பாப்பா சட்டையத் தொவைச்சுப் போட்டுட்டேன்” என்று அவளே நினைவுபடுத்தினாள்.

ஹம்சினி மெல்ல மெல்லச் சோறு சாப்பிட்டாள். கடித்த காயம் ஆறியது. ஒரு நாள் காலையில், ஒருவரும் சொல்லிக் கொடுக்காமல், “அம்மா, இல” என்று ஒரு தேயிலை இலையைக் கொண்டுவந்து ஷாமிலாவின் கையில் வைத்தாள். அந்த இலை காய்ந்து சருகாகி, இன்னமும் சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

இத்தனை பேர் கை கொடுத்திருக்கிறார்கள். இந்த ஒன்றை மட்டும் அவளால் கேட்க முடியவில்லை. சாமி என்று நம்பும் வரையில்தான் தோட்டம் ஹம்சினியைக் கும்பிடுகிறது. சாமியில்லை என்று தாயே சொல்லிவிட்டால், மறுநாளே பீலிக்கரையில் மறுபடியும் பைத்தியம் ஆகிவிடுவாளே! பேசாமல் இருந்தால் இன்று மாலை தப்பு முழங்கும். தேறி வந்த பிள்ளை மறுபடியும் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். காளியாயி மஞ்சள் பாவாடையை மடியில் வைத்துக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தாள். பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறாள், இன்னும் பிள்ளைக்குப் போட்டு விடவில்லை.

“நேரமாச்சே மாமி. போட்டு விடலியா?”

“போடுறதா வேணாமான்னுதான் பாத்துக்கிட்டிருக்கேன். தலைவரு வந்து சொல்லிட்டுப் போயிட்டாரு. ஊரே காத்துக்கிட்டு இருக்கு.”

“ம்.”

“நீ ஒன்னும் சொல்ல மாட்டியா?”

“நான் என்னத்த சொல்றது மாமி.”

“ஆமா. நீ என்னத்த சொல்லப் போற.” காளியாயி பாவாடையை மறுபடியும் மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். கிளினிக்குக்குப் போடுகிற நீலச் சட்டையை எடுத்துப் பிள்ளைக்கு மாட்டி விட்டாள்.

துஷாந்த் ஃபெக்டரி விட்டு நேராக வந்தான். தேயிலைத் தூள் வாசனையோடு அவளருகில் நின்று மெதுவாகக் கேட்டான்.

“இன்னிக்குச் சொல்லிருவியா?”

“நீங்க சொல்லுங்களேன்.”

“நான் பேசினா ரெண்டாவது வார்த்தையில சண்ட வந்துரும். ஒனக்குத் தெரியாதா? நீ பேசு. நான் பக்கத்துலயே நிக்கிறேன்.”

“காதுல மாட்டுறது இருக்கே, அது போதாதா?”

“பஸ்ஸுக்குப் போதும். தப்பு நெஞ்சுக்குள்ளயே வந்து அடிக்குது. எனக்கே அடிக்குதே.”

கோயில் முற்றத்தில் தோட்டத்தின் மேல் டிவிசன் முழுக்கக் கூடியிருந்தது. மலையிலிருந்து இறங்கிய மூட்டம் அரசமரத்துக் கிளைகளில் தங்கி நின்றது. ஓரத்தில் வைக்கோலை எரியவிட்டு, மூக்கன் தன் தப்பை நெருப்புக்கு மேல் காட்டிக் காட்டித் தோலைச் சூடேற்றிக்கொண்டிருந்தான். இடையிடையே விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பான். அந்த ஒரு தட்டுக்கே ஹம்சினி பாட்டியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

“வாங்க வாங்க. எங்க நம்ம சின்ன ஆத்தா?” செல்லசாமி தலைவர் எழுந்து நின்று கைகூப்பினார். நல்ல மனுஷர். தோட்டத்தில் யாருக்கு ஆஸ்பத்திரி என்றாலும் முதலில் லொறி பிடித்துக் கொடுப்பவர். “என்னம்மா இது, காதுல என்னமோ மாட்டியிருக்கு? அதக் கழட்டுங்க. அம்மன் எறங்க வேணாமா?”

“மஞ்சப் பாவாடையும் காணோம்” என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

ஷாமிலா வாயைத் திறந்தாள். சொல்லாமல் மகளின் காதுக் கவசத்தை இறுக்கி விட்டாள். சொன்னபடி துஷாந்த் பக்கத்தில் நின்றான். அவன் தோள் அவள் தோளில் பட்டது. எல்லா முகமும் அவளையே பார்த்தன. எல்லாம் தெரிந்த முகங்கள். பிரியந்தியின் முகம், பீலிக்கரையில் பைத்தியம் என்று பேசிய முகங்கள், மகளின் காலைத் தொட்ட முகங்கள்.

மூக்கன் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு, குச்சியைக் கையில் எடுத்தான்.

பிள்ளையை நெருங்கிப் பார்க்கச் சனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். இப்படி ஆட்கள் நெருக்கினால் என்ன சொல்ல வேண்டும் என்று ஹம்சினிக்குத் தெரியும். பாட்டியின் இடுப்பிலிருந்து தலையை நீட்டி, கணீரென்று சொன்னாள்:

“இஸ்ஸரஹட்ட யன்ன!”

கூட்டத்தில் அடுத்த நொடி அத்தனை கைகளும் தலைக்கு மேலே கூடின.

“தப்படிக்க முன்னமே உத்தரவு வந்துருச்சு!” செல்லசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். “முன்னுக்குப் போகச் சொல்லிட்டா ஆத்தா! மூக்கா, அடிடா!”

“நில்லுங்க தலைவரே.” காளியாயிதான். இந்தத் தோட்டத்தில் அவள் குரலுக்கு எதிர்க்குரல் கிடையாது. “அந்த உத்தரவு ஒங்களுக்கில்ல. எம் மருமகளுக்கு.” ஷாமிலாவின் முதுகில் கை வைத்தாள். “வருஷமெல்லாம் எதையோ தொண்டைக்குள்ள வச்சுக்கிட்டு முழுங்குற. நான் குருடின்னு நெனச்சியா? கேட்டீல்ல, ஓம் மக என்ன சொன்னான்னு? முன்னுக்குப் போடி.”

ஒரு தள்ளு. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

ஷாமிலா முற்றத்தின் நடுவுக்கு வந்து நின்றாள். மூக்கன் குச்சியைக் கீழே இறக்கினான். தப்பின் மேல் உள்ளங்கையை வைத்து, அதில் மீந்திருந்த அதிர்வையும் அடக்கினான்.

“தலைவரே… மூக்கண்ணே… எல்லாருக்குந்தான் சொல்றேன். எம் புள்ளையக் கும்பிட்டீங்க. அவள யாரும் சீண்டாம இருந்ததுக்கு நான் சாகுற வரைக்கும் நன்றி சொல்லுவேன். ஆனா அவ சாமியாடல. நாம அருளுன்னு நெனச்சோம். நானுந்தான் நெனச்சேன். அவ வலியில துடிச்சிருக்கா. சத்தம் தாங்காம நடுங்கியிருக்கா. ஆஸ்பத்திரியில காட்டி இப்பத்தான் சோறு திங்கிறா, இப்பத்தான் என்னய அம்மான்னு கூப்பிடுறா.”

ஷாமிலா நின்று மூச்சு விட்டுக்கொண்டாள். பின்னால் திரும்பாமலே மகள் எங்கே நிற்கிறாள், கணவன் எங்கே நிற்கிறான், மாமியாரின் கை யாரைப் பிடித்திருக்கிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது.

“எனக்கு ஒன்னே ஒன்னு வேணும். உத்தரவ அம்மன்கிட்ட பூப்போட்டுக் கேட்டுக்கங்க, எம் புள்ளைகிட்ட கேக்காதீங்க. திருவிழாவுல தேரு எங்க லயத்துக்கு வர்றப்ப, லயத்துக்குத் திரும்புற ரோட்டு முடக்குலயே தப்ப நிப்பாட்டிட்டு, சத்தமில்லாம இழுத்துட்டு வாங்க. ஹம்சினி இஸ்தோப்புல நின்னு தேரப் பாக்கட்டும். ஒங்க வீட்டுப் புள்ளைங்க பாக்குற மாதிரி, அவளும் ஒரு தடவ பாக்கட்டும்.”